மிங்: ஞாயிறும் திங்களும் சேர்ந்த ஒரு சீன எழுத்து

சீனர் ஒருவர் தொலைபேசியில் தம் பெயரைத் தெரிவிக்கும்போது, பெயரைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. அந்தப் பெயரில் வருவது எந்த எழுத்து என்பதையும், எல்லாருக்கும் தெரிந்த வேறொரு சொல்லைக் காட்டி விளக்குகிறார். "என் பெயர் மிங், 'மிங்தியென்' என்பதில் வரும் மிங்" என்பார். மிங்தியென் என்றால் நாளை. 'குவாங்மிங்' என்பதில் வரும் மிங் என்றும் அவர் சொல்லலாம். குவாங்மிங் என்றால் வெளிச்சம். தமிழில் பெயர் எழுதும்போது ரகரமா றகரமா, ளகரமா ழகரமா என்று கேட்டுக்கொண்டால் நம் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். சீனத்தில் அப்படித் தீராததற்கு அந்த எழுத்துமுறையின் அடிப்படையே காரணம்.

தமிழ் எழுத்து ஒலியைக் குறிக்கிறது. பொருள் சொல்லில்தான் பிறக்கிறது. சீன எழுத்தோ ஓர் அசையையும் ஒரு பொருளையும் ஒருசேரச் சுமக்கிறது. குரலின் ஏற்ற இறக்க வேறுபாடுகளைக் கணக்கில் கொண்டாலும், இன்றைய பொதுச் சீன மொழியில் உள்ள அசைகள் ஆயிரத்துச் சில நூறுதான், எழுத்துகளோ பல்லாயிரம். ஆகவே ஒரே ஒலியைப் பல எழுத்துகள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நாம் ஒருவரை "என்ன?" என்று வினவும்போது குரல் மேலெழுவதுபோல் 'மிங்' என்று உச்சரித்தால், அது பறவையின் கூவலாக இருக்கலாம், கல்லிலோ செம்பிலோ பொறித்த வாசகமாக இருக்கலாம், தேயிலையாகவும் இருக்கலாம். 'பெயர்' என்ற பொருளுடைய சீன எழுத்துக்கும் உச்சரிப்பு மிங்தான். அந்த எழுத்து 'மாலைப்பொழுது', 'வாய்' என்னும் இரு பகுதிகளால் ஆனது. இருட்டில் ஒருவரையொருவர் காண முடியாது, ஆகவே வாயால் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும், அதனால்தான் இந்த அமைப்பு என்று பழைய அகராதி ஒன்று விளக்கம் தருகிறது. இருளில் பிறந்த அந்த மிங் இருக்கட்டும். இக்கட்டுரை எடுத்துக்கொள்வது அதற்கு நேர்மாறான, ஒளியைக் குறிக்கும் மிங்கை. சீனா, ஜப்பான், கொரியா, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகளிலும் நெடுங்காலமாக மனிதர்களுக்குப் பெயராகி வரும் எழுத்து இது.

இதன் வடிவம் எளிது. இடப்பக்கம் ஒரு குறுகிய பெட்டி, அதன் நடுவே ஒரு கிடைக்கோடு: இது ஞாயிறு. வலப்பக்கம் சற்று உயரமான இன்னொரு பெட்டி. அதன் இடக்கால் கீழே இறங்கும்போது இடப்புறமாக வளைந்து செல்லும், வலக்கால் அடியில் கொக்கிபோல் உள்நோக்கி மடியும், அடிப்பக்கம் திறந்திருக்கும், உள்ளே இரண்டு கிடைக்கோடுகள் இருக்கும்: இது திங்கள். பாதிக்கு நான்கு கோடுகளாக மொத்தம் எட்டுக் கோடுகள். முதலில் ஞாயிற்றை முடித்துவிட்டே திங்களைத் தொடங்க வேண்டும். 1950களில் சீன அரசு எழுத்துகளை எளிமைப்படுத்தியபோதும் இந்த எழுத்தில் கைவைக்கவில்லை. ஆகவே எளிய வடிவங்களை ஏற்ற பெய்ஜிங்கிலும், பழைய வடிவங்களையே பேணும் தைவானின் தைபேயிலும் இது ஒன்றுபோலவே எழுதப்படுகிறது.

பெட்டி எப்படி ஞாயிறாகும் என்ற கேள்வி எழுவது இயல்பு. நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சீன எழுத்துகள், ஹெனான் மாநிலத்து ஆன்யாங் அருகே கிடைத்த ஆமை ஓடுகளிலும் மாட்டின் தோள்பட்டை எலும்புகளிலும் கீறப்பட்டவை. பண்டைய சாங் மரபு அரசர்கள் குறிகேட்ட செய்திகளை இவற்றில் பொறித்துவைத்தனர். காலம் ஏறத்தாழ கி.மு. 13ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. மருந்துக்கடைகளில் 'நாகத்தின் எலும்பு' என்று விற்கப்பட்ட துண்டுகளில் இருப்பவை பழைய எழுத்துகள் என்பதை 1899இல் வாங் யிரோங் என்ற அறிஞர் கண்டறிந்தார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. தூரிகையால் வட்டம் வரைவது எளிது. ஆனால் கத்திமுனையால் எலும்பில் வட்டம் கீறுவது கடினம். ஆகவே ஞாயிறு கோணலான கட்டமாகி, நடுவில் ஒரு புள்ளியோ கோடோ பெற்றது. திங்கள் பிறையாகவே நின்றது. பிற்காலத்தில் தூரிகையின் வசதிக்கேற்பப் பிறை நிமிர்ந்து, கால்கள் நீண்டு, இன்றைய வடிவத்தை அடைந்தது.

இங்கேதான் தொடக்கநிலை விளக்கங்கள் பலவும் அவசரப்படுகின்றன. "ஞாயிறும் திங்களும் சேர்ந்தால் ஒளி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நினைவில் வைக்க அது நல்ல வழிதான். வரலாறோ இன்னும் சுவையானது. எலும்புக் கீறல்களிலேயே இந்த எழுத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. சிலவற்றில் ஞாயிறும் பிறையும் அருகருகே நிற்கின்றன. வேறு சிலவற்றில் ஞாயிற்றின் இடத்தில் குறுக்குக் கம்பிகள் உள்ள சாளரம் போன்ற ஒரு வடிவம் இருக்கிறது. 'ஜியோங்' என்று வாசிக்கப்படும் அந்தச் சாளர வடிவம் தனி எழுத்தாகவும் உண்டு. அது புருவம் சரிந்த முகம்போல் தோன்றுவதால், இன்றைய சீன இணையத்தில் மனச்சோர்வைக் காட்டும் குறியாக மறுவாழ்வு பெற்றிருக்கிறது. சாளரமும் பிறையும் சேர்ந்தால், இருண்ட அறைக்குள் சாளரம் வழியே விழும் நிலவொளி. கி.மு. 221இல் சின் பேரரசு சீனாவை ஒன்றிணைத்து எழுத்துகளை ஒழுங்குபடுத்தியபோது முறையான வடிவமாக நிலைபெற்றது இந்தச் சாளர வடிவமே.

கி.பி. 100 அளவில் ஷூ ஷென் என்ற அறிஞர் 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளின்கீழ் வகுத்துத் தொகுத்த 'ஷுவோவென் ஜியேசி' என்னும் அகராதியிலும், சாளர வடிவமே தலைச்சொல்லாக நிற்கிறது. அதன் பொருளை 'ஒளிவீசுதல்' என்று ஒரே சொல்லில் தந்துவிட்டு, பழைய எழுத்துமுறையில் இது ஞாயிற்றோடு எழுதப்பட்டது என்று அவர் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார். அவர் காலத்தில் ஆமை ஓடுகள் மண்ணுக்கடியில் கிடந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் அவருடைய குறிப்பு சரியானது என்பதை ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எலும்புகள் மெய்ப்பித்தன. சொற்களின் வேரைத் தேடும் எவருக்கும் இது மகிழ்ச்சி தரும் செய்தி.

மூன்றாவதாகவும் ஒரு வடிவம் உண்டு. ஞாயிற்றுப் பெட்டியின் உள்ளே ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் இட்டால் அது 'கண்' என்னும் எழுத்தாகிவிடும். ஹான் காலத்துக் கல்வெட்டுகளிலும், பிற்கால எழுத்துக்கலைஞர் சிலரின் கையெழுத்திலும் இந்தக் கண்-திங்கள் வடிவத்தைக் காணலாம். ஷாண்டோங் மாநிலத்து ஜினான் நகரில் உள்ள தாமிங் ஏரியின் பெயர்ப்பலகையில் மிங்குக்கு ஒரு கோடு கூடுதலாக இருப்பதைப் பார்த்துவிட்டு, பலகை எழுதியவர் பிழை செய்துவிட்டார் என்று சுற்றுலாப் பயணிகள் நினைப்பதுண்டு. அது பிழையன்று, பழைய வடிவம். ஞாயிறு, சாளரம், கண் ஆகிய மூன்றுமே வெளிச்சம் நுழையும் வாயில்கள் என்பதை நினைத்தால், இவற்றுள் எதை எழுதினாலும் பொருள் குலையாமல் நின்றதன் காரணம் புரியும்.

எல்லாச் சீன எழுத்துகளும் இப்படிப் படங்களைக் கூட்டிச் செய்தவை என்று எண்ணிவிடக் கூடாது. இரு பொருள்களைச் சேர்த்து மூன்றாவது பொருளை உணர்த்தும் எழுத்துகள் சிறுபான்மை. மிகப் பெரும்பாலான எழுத்துகளில் ஒரு பகுதி பொருளின் இனத்தைச் சொல்லும், மறுபகுதி ஒலியைச் சொல்லும். மிங் எழுத்தே பிற எழுத்துகளுக்குள் சென்று ஒலிப்பகுதியாக அமர்வதுண்டு. மிங்கின்மேல் புல்லைக் குறிக்கும் அடையாளத்தை வைத்தால் 'மெங்': முளைவிடுதல் என்று பொருள். மிங்கின் கீழே பாத்திரத்தைக் குறிக்கும் அடையாளத்தை வைத்தால் அதுவும் 'மெங்': சூளுரைத்துச் செய்துகொள்ளும் கூட்டணி என்று பொருள். பண்டைய சீனக் குறுநில மன்னர்கள் பலியிட்ட விலங்கின் குருதியைக் கலத்தில் ஏந்திச் சூளுரைத்தனர். கலம் வந்தது அதனால். இந்தக் 'கூட்டணி' எழுத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வியட்நாமுக்குச் செல்லும்போது மீண்டும் தேவைப்படும்.

இனி பொருளுக்கு வருவோம். ஆமை ஓடுகளில் இந்த எழுத்து விடியற்பொழுதைக் குறிக்கவும் வந்துள்ளது. தேய்பிறை நாள்களில் ஞாயிறு எழும்போது நிலவும் வானில் மங்கலாக நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். இரு சுடரும் ஒரே வானில் இருக்கும் அந்த வேளையின் படமாகவே இந்த எழுத்தைப் பார்ப்பது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. விடியலிலிருந்து 'அடுத்த நாள்' என்ற பொருள் கிளைப்பது நமக்குப் புதிதன்று. "விடிந்தால் திருமணம்" என்று நாம் சொல்லும்போது நாளையைத்தானே குறிக்கிறோம்? அதே தடத்தில்தான் மிங்தியென் நாளை ஆயிற்று. மிங்நியென் என்றால் அடுத்த ஆண்டு.

இன்னொரு கிளை, ஒளியிலிருந்து அறிவுக்குச் செல்கிறது. பெயர்களில் மிங் ஏன் இவ்வளவு விரும்பப்படுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. இதைத் தமிழருக்கு எடுத்துச்சொல்ல நீண்ட விளக்கம் வேண்டாம். நம்மிடம் 'விளங்கு' என்ற சொல் இருக்கிறது. விளங்குதல் என்றால் ஒளிர்தல், விளங்குதல் என்றால் புரிதல். எரிவது விளக்கு, புரியவைப்பது விளக்கம். இலங்கைத் தமிழில் 'விளங்குதா?' என்பதே புரிகிறதா என்பதற்கான அன்றாடச் சொல். ஒருவர் வாழ்வில் செழிப்பதையும் நாம் விளங்குதல் என்கிறோம். சீனத்தில் மிங் ஏறத்தாழ இந்த எல்லைகள் முழுவதையும் ஆள்கிறது. 'மிங்பாய்' என்றால் புரிதல், சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'ஒளி-வெண்மை'. 'ஷுவோமிங்' என்றால் விளக்கம், சொல்லுக்குச் சொல் 'சொல்லி ஒளியாக்கல்'. புத்திசாலித்தனத்துக்கு 'சோங்மிங்' என்பார்கள். சோங் என்பது செவியின் கூர்மை, மிங் என்பது கண்ணின் தெளிவு. நன்றாகக் கேட்பவர், நன்றாகப் பார்ப்பவர் ஆகிய இரண்டும் சேர்ந்தவரே அறிவாளி.

கண்பார்வைக்கும் மிங் என்றே பெயர். பார்வை இழப்பதை 'மிங்கை இழத்தல்' என்கிறார்கள். கன்ஃபூசியஸின் காலத்தை ஒட்டி வாழ்ந்தவராகக் கருதப்படும் வரலாற்றாசிரியர் சுவோ சியூமிங்கின் பெயரிலேயே மிங் இருக்கிறது. அவர் பார்வையை இழந்த பின்பு நூல் இயற்றினார் என்று பிற்கால வரலாற்றாசிரியர் சீமா சியென் எழுதும்போது, அந்த இழப்பைச் சொல்லவும் இதே எழுத்தைத்தான் எடுத்தாளுகிறார். தாமே பெருந்துன்பத்துக்கு ஆளாகி எழுதிக்கொண்டிருந்த சீமா சியென், பார்வை போனபின்பும் ஒளி போகாத ஒருவரைத் தம் முன்னோடியாக நினைத்தது நெஞ்சைத் தொடுகிறது.

தாவோயிச மரபின் மூலநூலாகிய லாவோ சுவின் நூலில், 33ஆம் இயல், பிறரை அறிபவர் அறிவுடையவர், தம்மை அறிபவரே மிங் என்று தொடங்குகிறது. வெறும் புத்திசாலித்தனத்துக்கு வேறு சொல் இருக்கும்போது, தன்னையறிதலுக்கென்று இந்தச் சொல் ஒதுக்கப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும். கன்ஃபூசிய மரபின் 'பேரறிவு' என்னும் நூலின் தொடக்க வாக்கியத்தில் இந்த எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை வருகிறது: 'மிங் மிங் த'. முதல் மிங் வினை, இரண்டாவது மிங் அடைமொழி, த என்பது அறம். சீன எழுத்து உருமாறாமலே வினையாகவும் பெயராகவும் அடையாகவும் நிற்க வல்லது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. பிறமொழிகளில் இதைப் பெயர்க்கச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது. தமிழிலோ 'விளங்கும் அறத்தை விளக்குதல்' என்று அப்படியே சொல்லிவிடலாம்.

பௌத்தம் சீனாவுக்குச் சென்றபோது, மொழிபெயர்ப்பாளர்களுக்கு, அறியாமை என்று பொருள்படும் 'அவித்யா' என்ற வடசொல்லுக்கு ஒரு சீனச் சொல் தேவைப்பட்டது. அவர்கள் தேர்ந்தது 'வூமிங்', அதாவது மிங் இல்லாமை. அதே கருத்தைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்த சீத்தலைச் சாத்தனார், மணிமேகலையில் பன்னிரு நிதானங்களுள் (பிறவித் துன்பத்துக்கான காரணத் தொடரின் கண்ணிகளுள்) முதலாவதைப் 'பேதைமை' என்றார். ஒரே மூலச்சொல்லைத் தமிழ்ப் புலவர் பேதைமையாகவும் சீனத் துறவியர் ஒளியின்மையாகவும் கண்டிருக்கின்றனர். 'வித்யா'வுக்கு மிங் என்று ஆன பின், தருக்கக் கலையாகிய 'ஏது வித்தை' சீனத்தில் 'யின்மிங்' ஆயிற்று. அக்கலையின் பேராசிரியர் திக்நாகர் காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்கிறது. அவர் வழிவந்த தருக்க நூல்களை 7ஆம் நூற்றாண்டில் சீனத்தில் பெயர்த்த யுவான் சுவாங், தம் இந்தியப் பயணத்தில் காஞ்சிபுரம் வரை வந்தவர். ஆக, இந்தச் சீன எழுத்தின் பொருள் வளர்ச்சியில் தமிழ் மண்ணோடு தொடர்புடைய ஓர் இழையும் உண்டு.

இத்தனை பொருளும் ஒரு பெயருக்குள் எப்படி நுழைகிறது? சீனப் பெயரில் குடும்பப்பெயர் முதலில் வரும், பெரும்பாலும் ஓரெழுத்து. பின்னர் வரும் இயற்பெயர் ஓரெழுத்தோ இரண்டெழுத்தோ கொண்டது. 2.29 மீட்டர் உயரமுள்ள கூடைப்பந்து வீரர் யாவோ மிங்கின் குடும்பப்பெயர் யாவோ. பெற்றோர் வைத்த பெயர் மிங் என்ற ஒற்றை எழுத்து மட்டுமே. ஈரெழுத்துப் பெயர்களில் மிங்கோடு சேரும் மற்ற எழுத்து, அந்த ஒளியின் தன்மையைத் தீர்மானிக்கிறது. சில குடும்பங்களில் ஒரே தலைமுறையைச் சேர்ந்த உடன்பிறப்புகளும் ஒன்றுவிட்ட உடன்பிறப்புகளும் ஓர் எழுத்தைப் பொதுவாகக் கொள்வார்கள். அத்தலைமுறைக்கு உரிய எழுத்து மிங் என்றால், எல்லார் பெயரிலும் மிங் இருக்கும். ஆண் பெயர்களிலேயே இதை மிகுதியாகக் காண்கிறோம் என்றாலும் பெண்களுக்கும் இது உண்டு. அன்பு மகளை 'உள்ளங்கையில் ஏந்திய மிங்ஜு' என்பது சீன மரபுத்தொடர். மிங்ஜு என்றால் ஒளிரும் முத்து, அது பெண்பெயராகவும் வழங்குகிறது. சீனப் பள்ளிக் கணக்குப் பாடங்களில் ஆப்பிள் வாங்கவும் தொட்டியில் நீர் நிரப்பவும் ஓயாமல் வந்துபோகும் சிறுவனுக்கு 'ஷியாவோ மிங்', அதாவது 'சின்ன மிங்' என்றே பெயர்.

பழங்காலத்தில் படித்த ஆண்மகனுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பிறந்தபோது இட்ட பெயரைப் பெற்றோரும் அரசரும் போன்ற மூத்தோர் மட்டுமே சொல்லி அழைக்கலாம். இருபதாம் வயதில் தலைப்பாகை சூட்டும் சடங்கில் இன்னொரு பெயர் கிடைக்கும். நண்பர்கள் அழைப்பது அதைக் கொண்டே. இரண்டாம் பெயர் முதற்பெயரின் பொருளோடு இயைய வேண்டும் என்பது வழக்கம். மூன்று அரசுகளின் காலத்து அமைச்சரும் போர்த்தந்திரியுமான ஜுகே லியாங்குக்கு (181–234) இட்ட பெயர் லியாங், அதற்கு 'ஒளிமிக்க' என்று பொருள். அவருடைய இரண்டாம் பெயர் கோங்மிங்: 'மிகுந்த ஒளி'. பெயரும் மறுபெயரும் ஒன்றையொன்று எதிரொலிக்கின்றன. 427இல் மறைந்த கவிஞர் தாவோ யுவான்மிங்கின் பெயர் வேறு வகையான அழகுடையது. யுவான் என்றால் ஆழ்ந்த மடு, ஆகவே யுவான்மிங் என்பது ஆழத்தில் கிடக்கும் தெளிவு. அவருக்கு வழங்கும் மற்றொரு பெயரான சியென் என்பதற்கு 'மறைந்திருப்பது' என்று பொருள். அரசுப் பதவியை உதறிவிட்டு வயலுக்குத் திரும்பிய மனிதருக்கு இவ்விரு பெயர்களும் எவ்வளவு பொருந்துகின்றன என்று நான் வியந்ததுண்டு.

மன்னர்களுக்கு இறந்தபின் சூட்டும் பட்டப்பெயர்களிலும் மிங் உண்டு. நான்கு திசைக்கும் ஒளி பாய்ச்சியவரை மிங் என்று சொல்க என்பது பழைய விதி. 57 முதல் 75 வரை ஆண்ட ஹான் பேரரசர் மிங் பொன்மேனியர் ஒருவரைக் கனவில் கண்டு, பௌத்தத்தை நாடித் தூதரை மேற்கே அனுப்பினார் என்பது புகழ்பெற்ற மரபுக்கதை.

தனக்கென இந்த எழுத்தை வைத்துக்கொண்டு ஒருவர் செய்த மிகத் துணிவான செயலைச் சொல்லாமல் விடமுடியாது. சீன வரலாற்றில் பேரரசர் என்ற பட்டத்தோடு தம் பெயரிலேயே ஆண்ட ஒரே பெண் வூ சேத்தியென் (ஆட்சி 690–705). அரியணை ஏறும் தறுவாயில் அவர் புதிதாகச் சில எழுத்துகளை வழக்குக்குக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று அவருடைய சொந்தப் பெயருக்கே உரியது. மேலே மிங், கீழே ஆகாயத்தைக் குறிக்கும் எழுத்து: வெட்டவெளி வானில் ஞாயிறும் திங்களும் ஒருங்கே. உச்சரிப்பு 'ஜாவோ', மிங்குக்கு ஷூ ஷென் தந்த 'ஒளிவீசுதல்' என்ற பொருளுடைய அதே சொல். பேரரசரின் பெயரை எவரும் வாயால் சொல்லவோ எழுதவோ கூடாது என்பது விதி; எனவே அதே ஒலியுடைய 'அரசாணை' என்ற சொல்லும் அவர் காலத்தில் விலக்கப்பட்டு, வேறு சொல் புகுந்தது. ஆண்களே வகுத்த எழுத்துலகில் தமக்கென ஓர் எழுத்தைப் படைத்து அமர்ந்த பெண்ணை நினைக்க வியப்பாக இருக்கிறது. அந்த எழுத்து இன்றும் அகராதியில் இருக்கிறது, அவரைக் குறிப்பதற்காகவே.

ஓர் அரசமரபே இந்த எழுத்தைத் தன் பெயராகக் கொண்டதையும் பலரும் அறிவர். உழவர் குடியில் பிறந்து, துறவிமடத்தில் சில காலம் வாழ்ந்து, கிளர்ச்சிப் படையில் சேர்ந்து உயர்ந்த ஜு யுவான்ஜாங், 1368இல் நான்ஜிங்கில் தம் அரசமரபுக்கு 'மாபெரும் மிங்' என்று பெயரிட்டார். ஏன் இந்தப் பெயர் என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. அவர் சேர்ந்திருந்த கிளர்ச்சியாளர்கள் 'மிங் அரசர்' ஒருவர் தோன்றி உலகை மீட்பார் என்று நம்பியவர்கள் என்பதை ஒரு சாரார் காட்டுகின்றனர்; 'மாற்றங்களின் நூல்' என்னும் தொன்மையான நூலில் உள்ள தொடரை மற்றொரு சாரார் காட்டுகின்றனர். அந்த மரபு 1644இல் வீழ்ந்து சிங் மரபு வந்தபின், இந்த எழுத்தை எழுதுவதே சில வேளைகளில் ஆபத்தாயிற்று. முன்னரே இறந்துபோன ஷூ ஷூகுய் என்ற கவிஞரின் கவிதை ஒன்று 1778இல் சியென்லோங் பேரரசரின் பார்வைக்கு வந்தது. நாளைக் காலையில் சிறகை விரித்து, ஒரே வீச்சில் தெளிந்த வானகருக்குச் செல்வேன் என்று அதைப் படிக்கலாம். ஆனால் 'காலை' என்ற எழுத்தை வேறு உச்சரிப்பில் வாசித்தால் 'அரசமரபு' என்றாகும். 'நாளைக் காலை' அப்போது 'மிங் அரசமரபு' ஆகிவிடும். 'தெளிந்த நகர்' என்பது 'சிங் தலைநகர்' ஆகிவிடும். அரசு இரண்டாவது வாசிப்பையே எடுத்துக்கொண்டது. கல்லறையிலிருந்து கவிஞரின் உடலைத் தோண்டியெடுத்துத் தண்டித்தார்கள். நாளை என்ற எளிய சொல் அவர் குடும்பத்தையே அழித்தது.

சீன எழுத்து கடல் கடந்தபோது பொருள் அப்படியே சென்றது, ஒலி மட்டும் அந்தந்த நாட்டுக்கேற்ப மாறியது. ஜப்பானில் இதைச் சீனச் சாயலில் 'மெய்' என்றும் வாசிப்பார்கள், சொந்த மொழியில் 'அகிரா' என்றும் வாசிப்பார்கள். 1868இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சிக்காலத்தின் முதலெழுத்தும், திரைப்பட இயக்குநர் அகிரா குரோசாவாவின் பெயரும் ஒரே எழுத்து என்பது ஒலியை மட்டும் கேட்பவருக்குத் தெரியாது. கொரியாவில் இது 'மியோங்'. சோல் நகரின் புகழ்பெற்ற கடைத்தெருவான மியோங்தோங்கின் பெயரிலும், 2008 முதல் 2013 வரை குடியரசுத் தலைவராக இருந்த லீ மியுங்-பாக், 2025இல் அப்பதவிக்கு வந்த லீ ஜே-மியுங் ஆகிய இருவரின் பெயர்களிலும் இருப்பது இதே மிங். ஊர்ப்பெயர் எல்லாவற்றிலும் இப்படி ஒளியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். யுனான் மாநிலத் தலைநகர் குன்மிங்கின் பெயர், பழங்காலத்தில் அப்பகுதியில் வாழ்ந்த ஓர் இனத்தாரின் பெயரை ஒலிக்காக எழுதியதிலிருந்து வந்தது.

வியட்நாமில் இது 'மின்'. ஹோ சி மின் என்பது அந்நாட்டு விடுதலைத் தலைவர் பிற்காலத்தில் ஏற்ற பெயர். சி என்றால் மனவுறுதி, மின் என்பது நம் மிங். ஆனால் அவர் தலைமையில் 1941இல் தோன்றிய 'வியட் மின்' இயக்கத்தின் மின் வேறு. அது கூட்டணி என்ற பொருளுடைய, மிங்கின் கீழே பாத்திரம் வைத்த அந்த எழுத்து. இன்றைய வியட்நாமிய எழுத்துமுறை லத்தீன் எழுத்தைக் கொண்டது என்பதால் இரண்டும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன; தலைவரின் பெயரும் இயக்கத்தின் பெயரும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர்கள் இந்த எழுத்தை நாள்தோறும் சந்திக்கிறார்கள், வெவ்வேறு உருவங்களில். அங்குள்ள சீனர்களின் முன்னோர் தென்சீனத்தின் பல பேச்சுமொழிகளைப் பேசியவர்கள். காண்டோனிய மொழியில் மிங், ஹொக்கியனில் பெங், தியோச்சியூவில் மெங், ஹக்காவில் மின். பிறப்புப் பதிவேட்டில் காதால் கேட்டதை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டதால், ஒரே எழுத்தைப் பெயராகக் கொண்ட நான்கு பேர் நான்கு வேறு பெயர்க்காரர்களாகத் தோன்றுகிறார்கள். தலைகீழாகவும் நேரும்; பெங் என்று பெயருள்ள எல்லாருக்கும் இந்த எழுத்துத்தான் என்று சொல்ல முடியாது. எந்த எழுத்து என்று கேட்பதே வழி, அப்படிக் கேட்பதை அவர்கள் மரியாதையாகவே எடுத்துக்கொள்வார்கள். அருகில் தாளோ எழுதுகோலோ இல்லாவிட்டால், பெயருக்குரியவர் இடக்கையை விரித்து, உள்ளங்கையில் வலக்கை விரலால் எழுதிக்காட்டுவார். முதலில் நடுவே கோடுள்ள சிறு பெட்டி, அதனருகே கால் வளைந்த உயரமான பெட்டி, அதனுள் கடைசியாக இரண்டு சிறு கோடுகள்.